ஒரு கிராமில் அரை ஏக்கர்: நானோ ப்ராஜெக்ட்டை வேலையாக்கும் வழி

‘ஜிங்க் ஆக்சைடு நானோ துகள்கள்: தயாரிப்பும் பண்பறிதலும்.’ எம்.எஸ்சி. இயற்பியல், வேதியியல் ரெசுமேக்களைப் புரட்டினால் இந்தத் தலைப்புதான் திரும்பத் திரும்ப வரும். ஜிங்க் இல்லையென்றால் நிக்கல் ஆக்சைடு. அதுவும் இல்லையென்றால் டைட்டானியம் ஆக்சைடு. கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் மட்டுமல்ல, கன்னியாகுமரி வரைக்கும் இதே கதை. உங்கள் ப்ராஜெக்ட்டில் தப்பில்லை. அதே ப்ராஜெக்ட்டைச் செய்தவர்கள் வரிசையாக வெளியே நாற்காலியில் காத்திருக்கிறார்கள். உங்கள் பிரச்சினை அதுதான்.

வேலை இல்லையா என்றால், இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் 2024 ஜனவரியில் ஆலை திறந்தது. கேட்மியம் டெல்லூரைடு தின் ஃபிலிம் பேனல்கள், ஆண்டுக்கு 3.3 கிகாவாட் திறன். திருநெல்வேலி கங்கைகொண்டானில் டாடா பவர் சோலார் செல் செய்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓலாவின் பேட்டரி செல் ஆலை. கேரளத்தில் கண்ணூரில் கெல்ட்ரான், இஸ்ரோவின் தொழில்நுட்ப உதவியோடு 2024-ல் சூப்பர்கெப்பாசிட்டர் உற்பத்தி மையம் தொடங்கியது. ஆனால் இவர்களில் யாரும் ‘நானோ’ என்ற சொல்லுக்குச் சம்பளம் தருவதில்லை. நீங்கள் அளந்த ஓர் எண்ணைக் குறுக்குக் கேள்வி வரும்போது விட்டுக்கொடுக்காமல் நிறுத்திக்காட்டினால், அதற்குத் தருவார்கள்.

பண்ருட்டி பக்கம் திருவதிகையில் இருந்து படிக்கப் போகும் ஒருவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பஸ் ஏறினால் கடலூர், தேவனாம்பட்டினத்தில் பெரியார் அரசு கலைக் கல்லூரி. பண்ருட்டியில் ரயில் ஏறினால் சிதம்பரம், 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம். இன்னொரு பக்கம் நெய்வேலி. இந்த முக்கோணத்துக்குள் இருந்துகொண்டே ஐஐடி பையனோடு போட்டி போடலாம். வழி இதோ.

1. வீட்டில் புரியவைக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

“உன் ப்ராஜெக்ட் எதுக்கும்மா ஆவும்?” என்று அப்பா கேட்டால் ஒரு நிமிடத்தில் பதில் சொல்லத் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் பேட்டி எடுக்கும் பேனலிலும் தெரியாது.

நானோ துகளை வைத்து நீங்கள் செய்தது லைட் சென்சார் என்றால் இப்படி: “வெளிச்சம் பட்டா கரண்ட் கூடும். எவ்வளவு கூடுச்சுன்னு பார்த்து வெளிச்சத்தை அளந்துக்கலாம். பொழுது சாய்ஞ்சதும் சில தெரு விளக்கு தானா எரியுதே, அதுக்குள்ள அதுதான் இருக்கு.” சூப்பர்கெப்பாசிட்டர் என்றால் இப்படி: “பேட்டரி மெதுவா வாங்கி நிறைய வெச்சிக்கும். இது சட்டுன்னு வாங்கி சட்டுன்னு குடுக்கும். ஆனா கொஞ்சமாத்தான் வெச்சிக்கும்.” அந்த ‘நிறைய’வுக்கும் ‘கொஞ்ச’த்துக்கும் எண் தெரிந்திருக்க வேண்டும். லித்தியம் அயான் செல் கிலோவுக்கு ஏறத்தாழ 150 முதல் 250 வாட் அவர். கடையில் கிடைக்கும் சூப்பர்கெப்பாசிட்டர் 5 முதல் 10. பதிலுக்கு, பேட்டரி ஆயிரக்கணக்கான சுற்றில் களைத்துப் போகும். சூப்பர்கெப்பாசிட்டர் லட்சக்கணக்கான சுற்றைத் தாங்கும்.

அடுத்த கேள்வி, ஏன் நானோ? ஒரே சொல்லில் பதில்: பரப்பு. நல்ல ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு கிராமுக்குள் 2,000 சதுர மீட்டர் வரை பரப்பு ஒளிந்திருக்கும். நம்மூர்க் கணக்கில் ஐம்பது சென்ட். சிட்டிகைக் கரிக்குள் அரை ஏக்கர் முந்திரிக்கொல்லை. சார்ஜ் வந்து உட்காருவது அந்தப் பரப்பில்தான். இதைச் சொல்லிப் பாருங்கள், அப்பாவும் நிமிர்ந்து உட்காருவார், பேனலில் இருக்கும் பேராசிரியரும் நிமிர்வார்.

சென்சாரில் இன்னொரு காரணமும் சேர்கிறது. துகள் சில நானோமீட்டருக்குச் சிறுத்தால் அது உறிஞ்சும் ஒளியின் நிறமே மாறும். கேட்மியம் செலினைடு 2 நானோமீட்டர் அளவில் நீலப் பக்கம் ஒளிரும், 6 நானோமீட்டர் அளவில் சிவப்பு. இந்தக் குவாண்டம் டாட் வேலைக்குத்தான் 2023-ல் மௌங்கி பவேண்டி, லூயிஸ் புரூஸ், அலெக்சி எகிமோவ் மூவருக்கும் வேதியியல் நோபல். லித்தியம் அயான் பேட்டரிக்கு 2019-ல் குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ. நீங்கள் இறங்கியிருக்கும் இரண்டு குளத்திலும் அண்மையில் நோபல் விழுந்திருக்கிறது. அந்த ஆறு பேரும் என்ன செய்தார்கள் என்று தெரியாமல் பேட்டிக்குப் போகாதீர்கள்.

2. ஊரை ப்ராஜெக்ட்டுக்குள் கொண்டு வாருங்கள்.

2020-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் வின்சென்ட் கோம்ஸ் குழு ஒரு வேலை செய்தது. துரியன், பலா இரண்டிலும் தின்னாமல் தூக்கிப் போடும் பகுதியை எடுத்து, பதப்படுத்தி, உறைய வைத்து உலர்த்தி, சுட்டுக் கார்பன் ஏரோஜெல் ஆக்கி, சூப்பர்கெப்பாசிட்டர் எலெக்ட்ரோடாக ஓட்டிக் காட்டியது. பலாவின் சக்கையும் நடுத்தண்டும்! பண்ருட்டியில் சீசனில் மண்டி வாசலில் வண்டி வண்டியாக அள்ளிக் கொட்டுகிறோமே, அதே சரக்கு.

இதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. பலாவுக்குப் பெயர்போன ஊர் நம்முடையது. கடலூர், சிதம்பரம் லேப்களில் படிக்கும் பிள்ளைகள் கடையில் வாங்கிய உப்பைக் கரைத்து ஆயிரத்தோராவது ஜிங்க் ஆக்சைடைச் செய்துகொண்டிருக்கிறார்கள். முந்திரி ஓடு, பலாச் சக்கை, தென்னஞ்சிரட்டை, சவுக்குக் கரி எல்லாம் உங்கள் வாசலில் கிடக்கின்றன. மாதிரிப் பொருளுக்குச் செலவே இல்லை. பேட்டியிலும் உங்கள் முகம் நினைவில் நிற்கும்.

ஆனால் எச்சரிக்கை. ‘கழிவிலிருந்து கார்பன்’ என்று பேப்பர் போடுகிறவர்களும் உலகம் முழுக்க ஏராளம். அங்கே நீங்கள் தனித்துத் தெரிய ஒரே வழி, மற்றவர்கள் எழுதாமல் விடுவதை எழுதுவது. பத்துக் கிலோ பச்சைச் சக்கையில் கடைசியில் எத்தனை கிராம் கரி மிஞ்சியது? சாம்பல் எவ்வளவு? சித்திரையில் எடுத்த சக்கைக்கும் ஆனியில் எடுத்த சக்கைக்கும் வித்தியாசம் என்ன? கழுவ எவ்வளவு ஆசிட், எவ்வளவு தண்ணீர்? கம்பெனிக்காரர் கேட்கும் முதல் கேள்வியே, அடுத்த பேட்ச்சும் இப்படியே வருமா என்பதுதான். அதற்கு மூன்று பேட்ச்சின் டேட்டாவோடு போகிறவர் நீங்களாக இருங்கள்.

இந்த ஊர்க்காரருக்கு மின்சாரச் சேமிப்பின் மதிப்பை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் அடித்தது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்த நீங்கள் இன்று ஆற்றல் சேமிப்பில் ஆராய்ச்சி செய்ய விரும்புகிறீர்கள் என்றால், ‘ஏன் இந்தத் துறை?’ என்ற கேள்விக்கு இன்டர்நெட்டில் பதில் தேட வேண்டாம்.

3. எண்ணைக் காப்பாற்றுங்கள்.

இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள். ஆட்கள் விழுவது இங்கேதான்.

எக்ஸ்ஆர்டியில் ஷெரர் சமன்பாடு எல்லோரும் போடுகிறார்கள். ஜிங்க் ஆக்சைடின் பெரிய பீக் 36.25 டிகிரியில் வருகிறது, அதன் பாதி உயர அகலம் 0.4 டிகிரி என்று வையுங்கள். அகலத்தை ரேடியனுக்கு மாற்றி, கோணத்தைப் பாதியாக்கிப் போட்டால் கிரிஸ்டலைட் அளவு ஏறத்தாழ 21 நானோமீட்டர். ரேடியனுக்கு மாற்ற மறந்தால் 0.36 நானோமீட்டர் என்று வரும். ஜிங்க் ஆக்சைடின் யூனிட் செல்லே ஒரு பக்கம் 0.52 நானோமீட்டர் உயரம்! செங்கல்லை விடச் சின்ன வீடு கட்ட முடியுமா? இந்த ஒரு சோதனையை மனதுக்குள் போட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தால் பாதித் தப்புகள் மேஜையிலேயே பிடிபடும். இன்னொன்று: அந்த 21, கிரிஸ்டலைட்டின் அளவு, துகளின் அளவு அல்ல. எஸ்இஎம் படத்தில் 80 நானோமீட்டர் தெரிந்தால் முரண் இல்லை. ஒரு துகளுக்குள் பல கிரிஸ்டலைட் இருக்கலாம். இதைக் கேட்காத பேனல் இல்லை.

லைட் சென்சாரில் 1240 என்ற எண்ணைக் கையில் பச்சை குத்திக்கொண்ட மாதிரி வைத்திருங்கள். பேண்ட் கேப்பை எலெக்ட்ரான் வோல்ட்டில் எடுத்து 1240-ஐ அதனால் வகுத்தால், எத்தனை நானோமீட்டர் வரை அந்தப் பொருள் ஒளியைப் பிடிக்கும் என்று தெரியும். ஜிங்க் ஆக்சைடு 3.37, ஆகவே 368 நானோமீட்டர், அல்ட்ரா வயலட். சிலிக்கான் 1.12, ஆகவே 1,100 நானோமீட்டர் வரை. ‘என் ஜிங்க் ஆக்சைடு பச்சை லேசருக்கும் வேலை செய்கிறது’ என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தால், டிஃபெக்ட் நிலைகளைப் பற்றிப் பேசத் தயாராகப் போங்கள்.

ரெஸ்பான்சிவிட்டி கணக்கிடும்போது எல்ஈடியின் பெட்டியில் அச்சிட்ட வாட்டைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது எல்ஈடி தின்னும் மின்சாரம், உங்கள் ஃபிலிம் மேல் விழும் வெளிச்சம் அல்ல. பவர் மீட்டரை ஃபிலிம் இருந்த இடத்தில் வைத்து அளக்க வேண்டும். எலெக்ட்ரோடுகளுக்கு இடையே ஒளி படும் பரப்பை அளக்க வேண்டும். இருட்டுக் கரண்ட்டை எடுக்கும் முன் ஃபிலிமை நெடுநேரம் இருட்டில் விட வேண்டும். ஜிங்க் ஆக்சைடு வெளிச்சத்தை எளிதில் மறக்காது. ஆக்சிஜன் மெல்லத் திரும்பி வந்து மேற்பரப்பில் ஒட்டும் வரை கரண்ட் இறங்காது. லேபில் ட்யூப் லைட்டை அணைத்துவிட்டீர்களா? வேகமான சென்சார் என்றால் மெயின்ஸின் 100 ஹெர்ட்ஸ் துடிப்பு உங்கள் சிக்னலில் ஏறி உட்காரும்.

சூப்பர்கெப்பாசிட்டர் பக்கம் வாருங்கள். கிராமுக்கு ஒரு ஆம்பியர் கரண்ட், அரை வோல்ட் ஜன்னல், டிஸ்சார்ஜ் 300 விநாடி. கிராமுக்கு 600 ஃபாரட். கேட்க அழகாக இருக்கிறது. இப்போது நான் கேட்கிறேன்: எலெக்ட்ரோடில் எவ்வளவு பொருள் பூசினீர்கள்? “ஒரு மில்லிகிராம், சார்.” எந்தப் பேலன்ஸ்? “நாலு டெசிமல்.” அந்தப் பேலன்ஸின் கடைசி இலக்கமே 0.1 மில்லிகிராம். எடையிலேயே பத்து சதவீதம் ஆட்டம் இருக்கும்போது, 600.00 ஃபாரட் என்று இரண்டு டெசிமல் எழுதியது எந்தத் தைரியத்தில்? நிக்கல் ஃபோமில் பூசினீர்களே, வெறும் ஃபோமைத் தனியாக ஓட்டிப் பார்த்தீர்களா? பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் நிக்கல் ஃபோமே கொஞ்சம் சார்ஜ் வாங்கும். அது உங்கள் பொருளின் கணக்கில் சேர்ந்துவிடும்.

இன்னும் ஆழம் உண்டு. டிஸ்சார்ஜ் கோடு நேராகச் சாயாமல் நடுவில் சமதளமாக நின்றால் அது பேட்டரி குணம். அதற்கு ஃபாரட் என்ற அலகே பொருந்தாது. மில்லிஆம்பியர் அவரில் எழுத வேண்டும். மேலே சொன்ன அதே டேட்டா கிராமுக்கு 83 என்று வரும். 2015-ல் புரூஸ் (நோபல் வாங்கிய புரூஸ் அல்ல), பெலாஞ்சே, லாங் மூவரும் இதைத் தெளிவாக எழுதிவிட்டார்கள். இன்னும் நிக்கல் கோபால்டைட்டுக்கு ஃபாரட் போடுகிறவர்கள் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதேபோல மூன்று எலெக்ட்ரோடில் 200 ஃபாரட் கொடுத்த கார்பன், இரண்டு எலெக்ட்ரோட் முழு செல்லில் மொத்த எடைக்கு 50 மட்டுமே கொடுக்கும். நாலில் ஒரு பங்கு. இது குறையல்ல, கணக்கு. ஆனால் 200-ஐ வைத்துக்கொண்டு டிவைஸின் ஆற்றலைக் கணக்கிட்டால் அது பொய்யாகிவிடும். தொழிற்சாலை எலெக்ட்ரோடில் சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிகிராம் வரை பூசுகிறார்கள். நீங்களும் 1, 3, 5, 10 என்று ஏற்றிக்கொண்டே போய் எங்கே சரிகிறது என்று ஒரு கிராஃப் போடுங்கள். சரியும். அந்தச் சரிவைத் துணிந்து காட்டுகிற மாணவரைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

4. மெஷினுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

“சாம்பிள் அனுப்பினேன், ரிசல்ட் வந்தது.” இது கூரியர் வேலை. சென்னை ஐஐடியின் சாய்ஃப் மையத்துக்கோ வேறு பல்கலைக்கழகத்துக்கோ சாம்பிள் அனுப்பும்போது, முடிந்தால் நீங்களே எடுத்துப் போங்கள். ஆபரேட்டர் அனுமதித்தால் பக்கத்தில் உட்காருங்கள். எந்த வோல்ட்டேஜ், எத்தனை விநாடி ஸ்கேன், ஏன் தங்கம் பூசுகிறார்கள் என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் கண்ணால் பார்த்தது, பேட்டியில் பத்து நிமிடம் தைரியமாகப் பேச வைக்கும்.

வாய்ப்புகள் உங்களைத் தேடி திருவதிகைக்கு வராது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எம்.எஸ்சி. மாணவர்களுக்கு இயற்பியல், வேதியியலில் கோடைப் பயிற்சி நடத்துகிறது. இந்தியாவின் மூன்று அறிவியல் அகாதமிகளும் சேர்ந்து இரண்டு மாத கோடை ஆய்வு ஃபெல்லோஷிப் தருகின்றன. பெங்களூரு ஐஐஎஸ்சி, மும்பை ஐஐடி போன்ற இடங்களில் ஐ-என்-யூ-பி திட்டத்தின் கீழ் வெளிக்கல்லூரி ஆட்களும் நானோ ஃபேப்ரிகேஷன் கிளீன் ரூமில் பயிற்சி பெறலாம். ஐ-ஸ்டெம் தளத்தில் எந்த மெஷின் எங்கே இருக்கிறது என்று தேடலாம். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் ப்ராஜெக்ட்டுக்கு உதவித்தொகை தருகிறது. கோடைக்கான விண்ணப்பம் கோடையில் வராது. மாதக்கணக்கில் முன்பே வந்து முடிந்துவிடும். காலண்டரில் குறித்து வையுங்கள்.

5. நோட்டு எழுதுங்கள். தேதி, எடை, பீஹெச், வெப்பநிலை, அன்று மழையா வெயிலா, ராத்திரி கரண்ட் போனதா, ஃபர்னஸ் எத்தனை மணிக்கு நின்றது. கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். ஐப்பசியில் பூசிய ஃபிலிமும் பங்குனியில் பூசிய ஃபிலிமும் ஒன்றாக இருக்காது. தோற்ற பேட்ச்சையும் எழுதுங்கள். அதைத்தான் பேனலில் கேட்பார்கள்.

பாதுகாப்பிலும் இதே ஒழுங்கு வேண்டும். ஹைட்ரோதெர்மல் ஆட்டோகிளேவை விளிம்பு வரை நிரப்பாதீர்கள், சூடாக இருக்கும்போது திறக்காதீர்கள். கேட்மியம் உப்பைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கேட்மியக் கழிவை சிங்க்கில் ஊற்றாதீர்கள். அது கடைசியில் போய்ச் சேர்வது நாம் குடிக்கும் நிலத்தடி நீரில்.

6. ஒரு சீனியரைப் பிடியுங்கள். மருள்நீக்கியார் திருநாவுக்கரசராக மாறியதற்குப் பின்னால் திருவதிகையில் இருந்த அக்கா திலகவதியார் இருந்தார். லேபிலும் அப்படி ஓர் அக்காவோ அண்ணனோ வேண்டும். பொட்டென்ஷியோஸ்டாட்டில் ரெஃபரன்ஸ் எலெக்ட்ரோட் குமிழி பிடித்திருக்கிறது என்று கைட் சொல்ல மாட்டார், அந்தச் சீனியர்தான் சொல்வார். அவருடைய ஃபர்னஸ் ரன்னுக்கு ராத்திரி துணைக்கு இருங்கள். கிராஃப் வரைந்து கொடுங்கள். சும்மா கேட்டுக்கொண்டே இருந்தால் யாரும் ரெண்டு மாதத்துக்கு மேல் சொல்லித் தர மாட்டார்கள்.

7. பணம், பரீட்சை, கைட்.

நெட் ஜேஆர்எஃப் எடுத்தவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டு கழித்து 42,000, கூடவே வீட்டு வாடகைப் படி. எடுக்காதவருக்குப் பல இடங்களில் பாக்கெட் மணிகூடக் கிடையாது. இந்த வித்தியாசம் உங்கள் கல்யாணம், வீட்டுக் கடன், தம்பியின் படிப்பு எல்லாவற்றையும் தொடும். ஆகவே ப்ராஜெக்ட் ப்ராஜெக்ட் என்று லேபிலேயே கிடந்து பரீட்சையைக் கோட்டை விடாதீர்கள். காலை இரண்டு மணி நேரம் பரீட்சைக்கு. கணக்குப் போட்டுப் பழகுவதுதான் படிப்பு. படித்துவிட்டேன் என்ற நினைப்பு படிப்பு அல்ல. மேலே சொன்ன பவேண்டி, ஹார்வர்டில் எழுதிய முதல் வேதியியல் பரீட்சையில் நூற்றுக்கு இருபது வாங்கி வகுப்பிலேயே கடைசியாக நின்றவர். பரீட்சைக்கு எப்படிப் படிப்பது என்று பிறகுதான் கற்றுக்கொண்டதாக, நோபல் கிடைத்தபோது அவரே சொன்னார்.

கைடைத் தேர்ந்தெடுக்கும்போது உறவுக்காரர் பெண் பார்க்கப் போகும் கண்ணோடு போங்கள். அவருக்கு இப்போது ஃபண்டட் ப்ராஜெக்ட் இருக்கிறதா? பொட்டென்ஷியோஸ்டாட் சொந்தமா, கடனா? சீனியர்கள் எத்தனை வருடத்தில் தீசிஸ் சமர்ப்பித்தார்கள்? ஷோத்கங்காவில் பழைய தீசிஸ்களை எடுத்துப் பாருங்கள். ஒரே அத்தியாயம் பெயர் மாறி மாறி வந்தால் அந்த இடம் வேண்டாம். மாணவர்களைத் தனியாக டீக்கடையில் சந்தித்துக் கேளுங்கள். அவர் முன்னிலையில் கேட்டால் உண்மை வராது. பெரிய பேர் உள்ள கைடை விட, வாரம் ஒருமுறை உங்கள் டேட்டாவை உட்கார்ந்து பார்க்கிற கைட் உங்களுக்கு லாபம்.

பேப்பர் படிக்கக் காசு இல்லை என்ற சாக்கு இனிச் செல்லாது. ஒரு நாடு ஒரு சந்தா திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. அரசுக் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களுக்கு சுமார் 13,000 ஜர்னல்கள் திறந்துவிட்டன. உங்கள் நூலகரிடம் லாகின் கேளுங்கள். காசு வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் பேப்பர் போடும் ஜர்னல் பக்கம் போகாதீர்கள். அது ரெசுமேயில் ஒட்டிக்கொண்ட கறை. பேனலில் யாராவது ஒருவருக்கு அந்த ஜர்னலின் பெயர் தெரிந்திருக்கும்.

8. பிஎச்.டி. வேண்டாமா? தாராளமாக விடுங்கள். ஆனால் ரெசுமேயின் மொழியை மாற்றுங்கள்.

தொழிற்சாலைக்கு நானோஃபிளவர் வேண்டாம். ஒரே மாதிரி ஆயிரம் தடவை பூசத் தெரிந்தவர் வேண்டும். பேட்டரி ஆலையில் ஸ்லரி கலப்பு, கோட்டிங், கேலண்டரிங், ட்ரை ரூம், எலெக்ட்ரோலைட் ஃபில்லிங், ஃபார்மேஷன் என்று வரிசையாக வேலை இருக்கிறது. நீங்கள் லேபில் கார்பன், பைண்டர், சால்வென்ட் மூன்றையும் உரலில் அரைத்துப் பூசினீர்களே, அதன் பெரிய அண்ணன்தான் இது. தின் ஃபிலிம் சென்சார் செய்தவர், சோலார் ஆலையில் தடிமன், ஒட்டுறுதி, ஷீட் ரெசிஸ்டன்ஸ் பற்றிப் பேசலாம்.

பழைய வரி: ‘ஜிங்க் ஆக்சைடு நானோ துகள்கள் தயாரித்து எக்ஸ்ஆர்டி, எஸ்இஎம், யூவி மூலம் ஆய்வு செய்தேன்.’ புதிய வரி இப்படி இருக்கலாம்: ‘ஸ்பின் கோட்டிங்கில் 12 ஃபிலிம் தயாரித்தேன், 365 நானோமீட்டரில் 9 ஃபிலிம்களின் ரெஸ்பான்சிவிட்டி 15 சதவீத வித்தியாசத்துக்குள், மற்ற மூன்றும் தவறியதற்குக் காரணம் ஈரப்பதம் என்று கண்டுபிடித்தேன்.’ உங்கள் நிஜ எண்களைப் போடுங்கள். இரண்டாவது வரியைப் படிக்கும் பிராசஸ் இன்ஜினியர் பேனாவை எடுத்து வட்டமிடுவார். அதோடு எக்செல்லில் கண்ட்ரோல் சார்ட் போடவும், பைத்தானில் நூறு ஃபைலை ஒரே தடவையில் பிளாட் செய்யவும் கற்றுக்கொள்ளுங்கள். ரெண்டு மாதம் போதும்.

நெய்வேலி என்எல்சியையும் மறக்காதீர்கள். நிலக்கரி நிறுவனம் என்று மட்டும் நினைத்தால் ஏமாறுவீர்கள். என்எல்சி அந்தமானில் பேட்டரி சேமிப்போடு சேர்ந்த சோலார் நிலையம் அமைத்திருக்கிறது. கிரிட் அளவு சேமிப்பு பெருகப் பெருக, செல்லைச் சோதிக்கவும் பழுதின் காரணத்தைக் கண்டுபிடிக்கவும் ஆள் வேண்டும்.

9. பேட்டி அறையில் நடப்பது இதுதான்.

“ஈக்யூஈ 340 சதவீதம்னு போட்டிருக்கீங்க. நூறு ஃபோட்டான் போனா 340 எலெக்ட்ரான் எப்படிம்மா வரும்?”

பலர் இங்கே முழிப்பார்கள். சிலர் “மிஸ்டேக் சார்” என்று தாங்களே சரணடைவார்கள். மிஸ்டேக் இல்லை. 365 நானோமீட்டரில் ரெஸ்பான்சிவிட்டி வாட்டுக்கு ஒரு ஆம்பியர் என்றால், 1240-ஐ 365-ஆல் வகுத்தால் 3.4. சரியான கணக்கு.

“ஹோல் மேற்பரப்புல இருக்குற ஆக்சிஜன்கிட்ட மாட்டிக்குது, சார். எலெக்ட்ரானுக்கு ஜோடி கிடைக்காம ரொம்ப நேரம் உயிரோட இருக்கு. ஒரு பக்கம் வெளிய போனா இன்னொரு பக்கம் புதுசா உள்ள வருது. ஒரு ஃபோட்டானுக்குப் பல சுத்து.”

“அப்ப நல்லதுதானே?”

“கரண்ட்டுக்கு நல்லது, சார். வேகத்துக்குக் கெட்டது. லைட்டை அணைச்சாலும் இறங்க நேரமாகும். தெரு விளக்குக்குப் போதும், கம்யூனிகேஷனுக்கு ஆகாது.”

இந்தக் கடைசி வரிதான் உங்களை உள்ளே கொண்டு போகும். எதற்கு ஆகாது என்றும் சேர்த்துச் சொன்னீர்கள் அல்லவா? தமிழும் ஆங்கிலமும் கலந்து வந்தால் பரவாயில்லை. விடை தெரியாதபோது, “அளக்கலை சார், அளக்கணும்னா இப்படிச் செய்வேன்” என்று சொல்லுங்கள். உளறிச் சமாளித்தால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். மற்றபடி பளபளக்கும் ஸ்லைடு வேண்டாம். கிராஃபின் அச்சு எழுத்து கடைசி நாற்காலிக்குத் தெரிகிறதா என்று மட்டும் முந்தின நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. மெயில் எழுதும் முறை.

காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) நம் தமிழ்நாட்டின் சொத்து. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட இடம், 1953-ல் திறந்தது. பேட்டரி, சூப்பர்கெப்பாசிட்டர் இரண்டிலும் ஆழமாக இறங்கியவர்கள். ப்ராஜெக்ட் செய்ய அங்கே ஒரு விஞ்ஞானியிடம் இடம் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி மச் இன்ட்ரஸ்டெட் இன் யுவர் எஸ்டீம்டு லேப்’ என்று ஐம்பது பேருக்கு ஒரே மெயிலைத் தட்டினால் ஒருவரும் திறக்க மாட்டார்.

அவருடைய அண்மைப் பேப்பர் ஒன்றை முழுக்கப் படியுங்கள். அதில் உங்களுக்கு உண்மையாகவே எழுந்த ஒரு கேள்வியை முதல் வரியாக வையுங்கள். இரண்டாவது பத்தியில் உங்கள் பலாக்கரியின் ஒரே ஒரு எண், எந்த எடையில், எத்தனை எலெக்ட்ரோடில், எத்தனை பேட்ச்சில் என்ற விவரத்தோடு. மூன்றாவது பத்தியில் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை வர முடியும் என்று. ஒரு கிராஃப் இணையுங்கள், ஒன்றே ஒன்று. அதற்கு மேல் எழுதாதீர்கள். செவ்வாய், புதன் காலையில் அனுப்புங்கள். திங்கட்கிழமை மெயில்பாக்ஸ் நிரம்பி வழியும்.

பத்து நாள் பொறுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வரி நினைவூட்டல். அதற்கும் வராவிட்டால் அடுத்த விஞ்ஞானி, அடுத்த பேப்பர், அடுத்த கேள்வி. அந்தப் பத்து நாளும் சும்மா இருக்க வேண்டாம். வெறும் நிக்கல் ஃபோமை வெட்டி, ஐந்து டெசிமல் பேலன்ஸ் எங்கே இருக்கிறது என்று விசாரித்து எடை போட்டு, பிளாங்க் ரன் எடுத்து வையுங்கள். பதில் வந்தால் அவர் கேட்கப்போகும் முதல் டேட்டா அதுவாக இருக்கும்.